கழுவிய கோவாத் துண்டு

மாமா ஒரு கொரியப் பெண்ணை விரும்பினார். அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. வெளிநாட்டுக்கு வந்தபிறகு பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்களோடுதான் இருந்தார். விசயம் தெரிந்த நாளிலிருந்து அம்மா அவருக்கு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அக்கா ஓமென்றால்தான் கலியாணம் என்று மாமாவும் ஒரே பிடியில் நின்றார். அந்தப் பெண்ணின் தாய் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். அங்கே ஒருமுறை வந்து பார்க்கும்படி மாமா கெஞ்சாத நாளில்லை.

"வாறன். ஆனா அங்கை கை நனைக்கமாட்டன்" என்றார் அம்மா.

சம்பந்தம் மனதுக்குப் பிடிக்கும்வரை மற்றப் பக்கத்தாரிடம் சாப்பிடுவதில்லை என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். சாப்பிடமாட்டேன் என்று சபதம் எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக்கடைக்குப் போன ஒரே மனுசி என் அம்மாவாகத்தான் இருக்கும். ஏழு வயதான எனக்கு எந்தச் சபதமும் இல்லை, நல்ல பசி இருந்தது.

நாங்கள் கேட்காமலே மேசை நிறையச் சின்னச் சின்னக் கிண்ணங்கள் வந்தன. முளைப்பயறு, இனிப்பாக வறுத்த நெத்தலி, உருளைக்கிழங்கு, மிளகாய்த்தூள் பூசிப் புளிக்கவைத்த முட்டைக்கோசு, எங்கள் பேச்சில் கோவா. சோறு பேந்துதான் வருமாம். அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு யன்னலைப் பார்த்தார். நான் நெத்தலியை முடித்தேன். மாமா விரும்பிய அந்தக் கொரிய அக்கா உடனே கிண்ணத்தை நிரப்பிவந்து வைத்துவிட்டு, அம்மாவைப் பயத்தோடு பார்த்துவிட்டுப் போனார். மறுபடி முடித்தேன், மறுபடி வந்தது. எனக்கு அந்தக் கடையை அப்படிப் பிடித்துப்போயிற்று.

அந்தத் துணிவில் கோவாவையும் வாய்நிறையத் திணித்தேன். உறைப்பு உச்சியில் ஏறியது. நான் போட்ட சத்தத்தில் குசினிக்குள்ளிருந்து அந்த அக்காவின் தாய் ஓடிவந்தார். முதலில் தண்ணீர் பருக்கினார். பிறகு ஒரு கோவாத் துண்டை எடுத்து, இன்னொரு கோப்பைத் தண்ணீரில் நன்றாக அலசி, சின்னதாகக் கிழித்து என் வாயில் வைத்தார். இப்போது உறைக்கவில்லை.

அம்மா யன்னலை விட்டுத் திரும்பியிருந்தார். வீட்டில் இறைச்சித் துண்டை அவர் எனக்கு ஊட்டுவதும் இப்படிக் கழுவித்தான்.

"இவவும் கழுவித்தான் குடுக்கிறா" என்றார், யாருக்கென்றில்லாமல்.

பிறகு மிளகாயோடிருந்த ஒரு துண்டைக் கையால் எடுத்துத் தன் வாயில் வைத்து மென்றார். "உப்புக் கொஞ்சம் கூட" என்றார். இன்னொன்றும் எடுத்தார்.

அம்மாவுக்கு ஒருவழியாகப் பசி வந்துவிட்டது என்று நினைத்தேன். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கும் உறைத்துவிட்டதாக்கும் என்று என் தண்ணீரை அவர் பக்கம் தள்ளிவைத்தேன்.