மலை இறங்கும் ஏழு நாள்

"…அதனால ஒண்ணும் இல்ல ஆத்தா, நீ அங்கனயே நில்லு. இன்னும் ரெண்டு நாள்தானே, வெரசா ஓடிப் போயிரும். இதுக்குப் போயி கண்ணைக் கசக்கலாமா?" என்று எங்கள் அப்பா வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னபோது, அவர் மேலிருந்து ஏலக்காய் வாசனை வீசிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சை அவர் எங்கே தொடங்கினார் என்று எனக்கு நினைவில்லை. நான் அழுதுகொண்டிருந்தபடியால் பாதிதான் காதில் விழுந்தது. ஊர் உலகத்துக்கெல்லாம் ஏலக்காய் என்றால் பாயசம், கல்யாணம், வெற்றிலைத் தட்டு. எங்கள் வீட்டில் மட்டும் அது காய்ச்சலின் வாசனை.

இரண்டாவது ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தைய கதை இது. எங்கள் ஊர் சிலமலையில் எங்களுக்கு ஒரு கிணறும், அதைச் சுற்றிக் கொஞ்சம் நிலமும் இருந்தன. அதை மட்டும் நம்பி உட்கார முடியாது என்பதால், ஆவணி பிறந்ததும் அப்பா போடிக்குப் போய், மலையடியில் இருக்கிற முந்தலில் இருந்து கால்நடையாக மலையேறி, ஏலத்தோட்டத்துக்குப் போய்விடுவார். பறித்த பச்சைக் காயை நெருப்புச் சூட்டில் உலர்த்துகிற கொட்டகைக்கு அவர்தான் பொறுப்பு. தீபாவளிக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை இறங்கி வருவார். "மலைக்குளிர் அடிக்காது, கடிக்கும்" என்று சொல்லிச் சிரிப்பார். மலையில் பாதிப் பேர் மலையாளத்து ஆட்கள். அவர்கள் காய்ச்சலுக்குப் 'பனி' என்பார்களாம். அதை அப்பா சொல்லிக் கேட்ட நாளிலிருந்து, தெருவில் யாராவது "மார்கழிப் பனி ஜாஸ்தி" என்றால்கூட நான் வீட்டுக்குள் ஓடிவிடுவேன்.

மலைக்காய்ச்சல் எப்படி வரும் என்று அப்போது சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். முதலில் கொட்டாவி. அப்புறம் முதுகில் ஈரத்துணியைப் போட்டாற்போல ஒரு குளிர். அப்புறம் பல் கிட்டிக்கொண்டு, படுத்திருக்கிற கட்டிலே ஆடுகிற நடுக்கம். ஒருநாள் விட்டு ஒருநாள் முறை தவறாமல் வந்து, நாளாக ஆக இடது விலாவுக்குக் கீழே வயிற்றில் 'கட்டி' விழுந்துவிடும். கொசுவால் வருகிற நோய் அது என்கிற சேதி எங்கள் ஊர் வந்து சேர வெகுகாலம் இருந்தது. தண்ணீரில் இருக்கிறது என்பார் ஒருவர், காற்றில் இருக்கிறது என்பார் ஒருவர், மலைக்குப் போனவன் துணியில் ஒட்டிக்கொண்டு இறங்குகிறது என்பார் இன்னொருவர். எங்கள் அம்மா மூன்றாவதை நம்பினாள். நம்பியதற்குக் காரணம் இருந்தது. அப்பா ஒரு தீபாவளிக்கு வந்து, தம்பியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினார். தம்பிக்கு மூன்று வயசு. அடுத்த வாரம் அவனுக்குக் குளிர் கண்டது. கார்த்திகை தீபத்துக்கு அவன் இல்லை.

அதற்கப்புறம்தான் அம்மா அந்தக் கட்டுப்பாட்டைப் போட்டாள். மலையிலிருந்து வருகிறவர்கள் ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குள் வருவது ஊர் வழக்கம். அம்மாவுக்கு அது போதவில்லை. வந்ததும் அப்பா நேரே கிணற்றடிக் குடிசைக்குப் போய்விட வேண்டும். ஏழு நாள் அங்கேதான் இருப்பு. சோற்றை வாய்க்கால் ஓரத்துக் கல்லில் வைத்துவிட்டு நாங்கள் விலகி நிற்க, அவர் வந்து எடுத்துக்கொள்வார். அவருடைய மேல்துண்டைப் புங்க மரத்துக் கிளையில் போட்டு வைத்திருப்பார். அம்மா காலையில் வந்து, கையில் எடுக்காமல், குச்சியால் தூக்கி முகர்ந்து பார்ப்பாள். ஏலக்காய் வாசனை அடித்தால் மலை இன்னும் அவர் உடம்பை விட்டு இறங்கவில்லை என்று அர்த்தம். ஏழு நாளுக்கு முன்பே வாசனை போய்விட்டால் மலை இறங்கிவிட்டது, அப்போதே வீட்டுக்கு வரலாம். காய் உலர்த்துகிற மனுசன் துண்டில் ஏலக்காய் மணக்காமல் வேறென்ன மணக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பா பாவம், அந்தத் துண்டை உவர்மண் போட்டு அடித்துத் துவைப்பார், வரட்டிப் புகையில் காட்டுவார், எருமை மேலே போட்டு எடுப்பார். "எருமை மணக்குது, காய் போகலையே!" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பக்கத்துத் தோட்டத்து மாமா கமலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டே கேலி பேசுவார். "என்ன மாப்ளே, பொம்பளைக்கு மூணு நாள், ஒனக்கு மட்டும் ஏழு நாளா?" என்று அவர் கத்தினால் நாலு தோட்டத்துக்குக் கேட்கும். அப்பா கோபப்பட மாட்டார். "ஒங்க தங்கச்சி போட்ட சட்டம் மச்சான். வேணும்னா நீங்களும் வந்து ரெண்டு நாள் கூட இருங்க" என்பார். அந்தக் கேலி அம்மா காதிலும் விழும். அவள் சோற்றுக் கலயத்தைக் கல்லில் வைத்துவிட்டு வருவாள்.

நான் சொல்ல வந்தது அம்மாவின் பயத்தைப் பற்றி அல்ல. அம்மாவின் பயத்துக்கு ஒரு கணக்கு இருந்தது: எட்டாம் நாள் அது முடிந்துவிடும். என் பயத்துக்குக் கரையே இல்லை. தம்பி போனபோது எனக்கு ஏழு வயசு. அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும் என் கை தானாக இடது விலாவுக்குக் கீழே போகும். அமுக்கிப் பார்ப்பேன். ஒன்றும் இல்லை என்றால் சரியாக அமுக்கவில்லையோ என்று மறுபடியும் அமுக்குவேன். அமுக்கி அமுக்கி அந்த இடம் வலிக்கத் தொடங்கும். வலிக்கிறதே, அப்படியானால் கட்டிதான் என்று முடிவு கட்டிக்கொள்வேன். செப்புக்குடத்துத் தண்ணீரில் தெரியும் முகத்தில் நாக்கை நீட்டி நிறம் பார்ப்பேன். கொட்டாவி வந்தால் பல்லைக் கடித்து விழுங்கிவிடுவேன், விட்டால் குளிர் வந்துவிடுமாம். "இந்தக் குட்டி எப்பப் பார்த்தாலும் எதையோ முழுங்குறாளே" என்று தெருப் பெண்கள் அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. தபாலாபீசில் விற்ற கொயினா என்கிற காய்ச்சல் மருந்துப் பொட்டலத்தின் காகிதத்தை வைத்துக்கொண்டு, யார் யாரையோ கேட்டு, நானாக எழுத்துக் கூட்டப் பழகினேன். நான் முதன்முதலில் வாசித்த வார்த்தை 'அம்மா' அல்ல, 'காய்ச்சல்'.

எனக்கு ஒன்பது வயசானபோது, பொங்கலுக்கு அப்பா வழக்கம்போல வந்தார். வழக்கம்போலக் குடிசைக்குப் போனார். ஐந்தாம் நாள் காலையில் அம்மா குச்சியால் துண்டைத் தூக்கினாள். நானும் கூட நின்றேன். வாசனை அடித்தது. லேசாகத்தான், ஆனால் அடித்தது. அம்மா குச்சியைக் கீழே போட்டுவிட்டு, துண்டைக் கையாலேயே எடுத்து மடித்துக் கிளையில் வைத்தாள். வீட்டுக்கு வந்து அடுப்பில் உலை வைத்துவிட்டு, திடீரென்று என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"போதும்டி இந்த வம்பு. அந்த மனுசன் என்ன சுடுகாட்டுல இருந்தா வந்திருக்காரு? உழைச்சுட்டு வந்திருக்காரு. நான் இங்கன சோத்தை எறக்கி வைக்கிறேன். நீ போயி அப்பா கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வா. இன்னிக்கு எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவம்."

நான் போனேன். குடிசை வாசலில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்றபடி அம்மா சொன்னதைச் சொன்னேன். அவர் முகத்தை நான் என்னவென்று எழுதுவேன்! எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, அவசரமாக வரப்புக்கு வந்தார். வாய்க்கால் ஒரு முழ அகலம்கூட இருக்காது. அவர் கையை நீட்டினார். "வா ஆத்தா" என்றார். மேற்கே மலைப்பக்கமிருந்து காற்று அடித்தது, காற்றோடு அந்த வாசனை வந்தது. எனக்குக் கொட்டாவி வந்தது. இந்தத் தடவை விழுங்க முடியவில்லை. முதுகெல்லாம் சில்லென்று ஆகிவிட்டது. நான் இரண்டடி பின்னால் போய், "இன்னும் ரெண்டு நாள் இருக்கு, இன்னும் ரெண்டு நாள் இருக்கு" என்று கத்தி அழுதேன். சட்டத்தைப் போட்டவள் விட்டுவிட்டாள். பார்த்துக்கொண்டிருந்த நான் விடவில்லை.

வீட்டுக்குத் தனியாகத்தான் திரும்பினேன். அம்மா மூன்று இலை போட்டிருந்தாள். மூன்றாவது இலையைப் பார்த்ததும் எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "அப்பா வரமாட்டேன்னுட்டாரு. ஏழு நாளும் முடியட்டும்னு அவரே சொல்லிட்டாரு" என்றேன். "அப்படியா சொன்னாரு?" என்று மட்டும் அம்மா கேட்டாள். பிறகு ஒரு இலையை எடுத்துச் சுவர் ஓரத்தில் வைத்தாள்.

மறுநாள் காலையில் மலையிலிருந்து ஆள் வந்துவிட்டான். பெருங்காற்றில் கொட்டகைக் கூரை பிய்த்துக்கொண்டு போய்விட்டதாம், உலரப் போட்ட காயெல்லாம் நனைகிறதாம், உடனே ஏற வேண்டுமாம். அப்பா குடிசையிலிருந்தே கிளம்பினார். அம்மா கட்டுச்சோற்றை எடுத்துக்கொண்டு ஓடி, வாய்க்காலைத் தாண்டி, அவர் கையிலேயே கொடுத்தாள். வந்த ஆள் அவசரப்படுத்தியதில் இருவருக்கும் பேச நேரமில்லை. நான் கம்மந்தட்டை அடுக்கிய படப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு வெளியே வரவே இல்லை. பத்து நாள் கழித்துச் சேதி வந்தது. கூரை வேய்ந்துகொண்டிருக்கும்போது காற்றில் ஒரு பெரிய மரம் சாய்ந்து கொட்டகை மேல் விழுந்ததாம். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். காய்ச்சல் அவரைக் கடைசிவரை தொடவில்லை. அத்தனை வருஷம் மலையில் இருந்தும் ஒரு நாள்கூட அவருக்குக் குளிர் கண்டதில்லை என்று சேதி கொண்டுவந்த ஆள் சொன்னான்.

அம்மா அதற்கப்புறம் இருபத்தேழு வருஷம் இருந்தாள். "நான் போட்ட சட்டத்தை நானே எடுத்த பிறகும், அந்த மனுசன் அதை மீறலையேடி. ரோசக்காரரு. என் மேல அம்புட்டு வருத்தம் அவருக்கு" என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அம்மா, அவர் எழுந்து ஓடி வந்தார், வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார் என்று சொல்ல எத்தனை தடவை வாய் எடுத்தேனோ தெரியாது. கடைசியாக அவள் படுத்திருந்தபோது சொல்லிவிடலாம் என்று கிட்டப் போனேன். போனதும் என் கை என்ன செய்தது தெரியுமா? அவள் நெற்றியைத் தொட்டுச் சூடு பார்த்தது. சூடு இருந்தது. நான் பயந்து வெளியே வந்துவிட்டேன். சொல்லவே இல்லை.

இப்போது அந்தக் காய்ச்சல் இல்லை. வீடு வீடாக மருந்தடிக்கிற ஆட்கள் வந்தார்கள், சுவரெல்லாம் வெள்ளையாகப் படிய அடித்துவிட்டுப் போனார்கள், இரண்டு மூன்று வருஷத்தில் 'கட்டி' என்கிற பேச்சே நின்றுவிட்டது. முந்தலிலிருந்து பஸ்சு வளைந்து வளைந்து மலையேறுகிறது. காலையில் போனவர்கள் சாயங்காலம் வந்து நேரே வீட்டுக்குள் நுழைகிறார்கள், ஒருவரும் ஒருவரையும் முகர்ந்து பார்ப்பதில்லை. கிணற்றில் மோட்டார் ஓடுகிறது. வாய்க்காலைத் தூர்த்துச் சிமெண்டுக் குழாய் போட்டுவிட்டார்கள். நான் மட்டும் இன்னும் காலையில் விலாவுக்குக் கீழே அமுக்கிப் பார்க்கிறேன். போடி டாக்டர் நல்ல மனுசர், நான் உள்ளே நுழையும்போதே "ஒண்ணும் இல்லம்மா" என்று தொடங்கிவிடுவார். என் பிள்ளைகளை நான் ஆசையாய்த்தான் வளர்த்தேன். ஆனால் ஓடி வருகிற பிள்ளையின் நெற்றியை முதலில் தொட்டுவிட்டு, அப்புறம்தான் அணைத்திருக்கிறேன். அது அவர்களுக்குத் தெரியும். பெரியவர்களாகிவிட்ட பிறகு, என்னிடம் வரும்போது அவர்களாகவே நெற்றியைக் குனிந்து காட்டுகிறார்கள்.

மரம் விழுந்ததை நான் பார்க்கவில்லை. அதனால் அதை நினைப்பதில்லை. சொன்ன பொய்கூட சில நாள் மறந்து போகிறது. மறக்காமல் நிற்பது வாய்க்கால் ஓரம்தான். கண்ணைக் கசக்கலாமா என்று கேட்டுவிட்டு, அப்பா நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார். குனிந்து, வரப்பிலிருந்து ஒரு சிட்டிகைப் புழுதியை எடுத்து, களத்தில் தூற்றத் தொடங்குவதற்கு முன்னால் காற்றுப் பார்ப்பதுபோல, தோள் உயரத்திலிருந்து விரல்களைத் தேய்த்து உதிர்த்தார். புழுதி என் பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. அதை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தூரத்தில் போய் வாய்க்காலைத் தாண்டி, எனக்கு எட்டாத தூரமாகவே சுற்றி நடந்து, காற்று என்னிடமிருந்து தம் பக்கம் வீசும்படியாக எனக்குக் கிழக்கே போய், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.