மூன்று தேசத்துக் காரும் வலியசாலைப் பசுவும்

அமெரிக்க இன்ஜின், இங்கிலீஷ் அடிச்சட்டம், இத்தாலிய உடம்பு என்று மூன்று தேசம் கூடிச் செய்த திறந்த ஸ்போர்ட்ஸ் கார் அது. வலியசாலைக் கோயில் தெருவில் அதை நிறுத்தி, தோல் சீட்டுக்கு என்னைக் காவலாக உட்கார்த்திவிட்டு முதலாளி கோயிலுக்குள் போனார். கார் அத்தனை தாழ்வு. கதவோரம் வந்த பசு என் முகத்துக்கு நேரே வாலைத் தூக்கியது. விரட்டுவதாக நினைத்து ஹாரனை அமுக்கினேன். மிரண்ட பசு ஓடவில்லை, சூடாகக் கழிந்தது. சீட்டில் பட்டால் வேலை போய்விடுமே! பதறி மடியை விரித்து ஏந்தினேன். பச்சைக் கூழ் தொடையில் இறங்கியது. மீசையிலும் இரண்டு சொட்டு. குமட்டி வந்ததைச் சீட்டுக்காகவே விழுங்கினேன்.

திரும்பிய முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஓய், சீட்டில ஒண்ணும் பட்டில்லல்லோ?" என்றார்.

"இல்லை சார், எல்லாம் என் மேலதான்."

"அப்ப அசையாம இரும். எறங்கினா வடியும்."