அம்சா கரைத்த உப்பு

அம்சாவை அடங்காப்பிடாரி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அடங்கி இருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியும். நானும் அவள் சேரிக்காரன்தான்.

காஞ்சிபுரத்தை ஒட்டிய எங்கள் ஊரில், வெள்ளைக்காரன் காலத்தில், எல்லையம்மன் குளத்துக்கு ஒரு வேண்டுதல் உண்டு. மரு வந்தவர்கள் ஒரு பிடி உப்பைக் குளத்தில் போடுவார்கள். உப்பு கரைகிற மாதிரி மருவும் கரையுமாம். நாங்கள் மட்டும் படியில் கால் வைக்கக் கூடாது. உப்பைக் கரைமேல் வைத்துவிட்டு விலகிப் போய்விட வேண்டும். குளத்துக் காவல் ராமலிங்கம் எடுத்துப் போடுவார்.

அம்சாவின் மகள் கமலாட்சிக்கு இமையில் மரு. வளர்ந்து கண்ணையே மூடப் பார்த்தது. அம்சா கூலி நெல்லைக் கொடுத்து உப்பு வாங்கி, செவ்வாய்க்குச் செவ்வாய் கரைமேல் வைத்தாள். மரு கரைகிற வழியாக இல்லை. ஒருநாள் திரும்பிப் பார்த்தால், ராமலிங்கம் அந்த உப்பை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறார். அட பாவி! எங்கள் அம்சாவின் பிள்ளை கண்ணை ஊறுகாய்ப் பானையில் போட்டானே!

அடுத்த செவ்வாய் அவள் மகளை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினாள். இரண்டு பேரும் உப்பைத் தண்ணீரில் போட்டுக் கையால் கலக்கினார்கள். ஊர் கூடிவிட்டது.

“கொளமே தீட்டாப் போச்சு! போட்ட உப்ப வெளிய எடுடி!” என்று கத்தினார் ராமலிங்கம்.

முழங்கால் தண்ணீரில் நின்றபடியே அம்சா சொன்னாள்: “நீயே எடுத்துக்கோய்யா. எந்தத் தண்ணில இருக்குது, எந்தத் தண்ணில இல்லன்னு காட்டு பாப்போம். இத்தினி நாளா என் உப்பத் துன்னுக்கினு இருந்தியே, அப்ப எங்க போச்சு தீட்டு?”

இனி அவளுக்கு அறுப்பு வேலை கிடையாது என்று ஊர் சொன்னது. பூசாரி மஞ்சள்நீர் தெளித்தார். தெளித்தால் உப்பு எழுந்து ஓடிவிடுமா? மறுநாள் காலையில் ஊர்ப் பெண்கள் அதே குளத்துக்குக் குடத்தோடு வந்தார்கள். சித்திரை வெயிலில் வேறு தண்ணீர் ஏது?

மரு போயிற்றா என்று கேட்காதீர்கள். போகவில்லை. ஏனாத்தூர்ப் பக்கம் செங்கல் சூளையில் மண் சுமந்து, மகளை மதராஸுக்குக் கூட்டிப்போய், ஆஸ்பத்திரியில் அறுத்தெடுக்க வைத்தாள் அம்சா. கண் பிழைத்தது.

ஊர் திரும்பியதும் மறுபடி படியிறங்கினாள். ராமலிங்கம் ஓடிவந்து மறித்தார்.

“அதான் கண்ணு நல்லாப் போச்சே! இன்னும் எதுக்குடி இங்க வர்ற?”

“தண்ணி மொள்ள” என்றாள் அம்சா. குடத்தை முக்கினாள்.