மாக்கிறேற் மாமியின் பாடு

எங்கள் கரையில் ஆழமில்லாத கடலில் தடி நட்டு, வலை கட்டி மீன் பிடிப்பார்கள். தடி நடும் இடத்துக்குப் பாடு என்று பெயர். எல்லாப் பாடுகளிலும் ஒரேயளவு மீன் விழாது. அதனால் ஆண்டுதோறும் தை மாதத்தில் குடும்பத் தலைவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதி, கோயில் முன்றிலில் பானையில் போட்டுக் குலுக்குவார்கள். 1975 வரை பெண் பெயர் எதுவும் அந்தப் பானைக்குள் போனதில்லை.

மாக்கிறேற் மாமியின் கணவர் சில்வெஸ்ரர் மாமா பாரிசவாதத்தில் கைகால் விழுந்து படுத்தது 1972இல். பிள்ளைகள் மூவரும் சின்னவர்கள். மாக்கிறேற் மாமி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கடலில் இறங்கினார். சேற்றைக் காலால் துழாவி, எங்கே தடி நிற்கும் என்று தானே கண்டுகொண்டார். சீட்டு மாமாவின் பெயரில் விழும். வலையை மாமி கட்டுவார். ஊருக்கே தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

1974 கடைசியில் மாமா இறந்துபோனார். தை பிறந்ததும் மாமி துக்கச் சேலையோடு முன்றிலில் வந்து நின்றார். சீட்டு எழுதிக்கொண்டிருந்தவர் மீனவர் சங்கத் தலைவரான என் அப்பா பத்திநாதர், மாமியின் தமையன்.

"மாக்கிறேற், நீ வீட்டை போ. உன்னை நான் பாக்கிறன்."

"என்னைப் பாக்க வேண்டாம் அண்ணை. பேரை எழுதுங்கோ."

சீட்டுப் போட வந்திருந்த குருசுமுத்தர் சிரித்தார். "பொம்பிளை சீட்டுப் போட்டால் மீனெல்லாம் வெக்கப்பட்டு ஓடிப்போம்."

"ரெண்டு வரியமா என்ரை வலையிலை விழுந்த மீனுக்கு வெக்கமில்லையோ, குருசுமுத்தண்ணை?"

முன்றில் முழுவதும் சிரித்தது. மாமி விடவில்லை. "போன மாரியிலை உங்கடை தடியெல்லாம் சரிஞ்சு விழேக்கை ஆரைக் கூப்பிட்டனியள்?"

குருசுமுத்தர் தலையைச் சொறிந்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, "எழுதுங்கோ அண்ணை. உவள் இல்லாட்டி என்ரை தடியும் நிக்காது" என்றார்.

அப்பா 'சில்வெஸ்ரர் மனைவி' என்று எழுதினார். மாமி எட்டிப் பார்த்தார். "என்ரை பேரை, அண்ணை." அப்பா அதைக் கிழித்துவிட்டு வேறு சீட்டு எடுத்தார்.

மாமிக்கு விழுந்தது பாசி மண்டிய கடைசிப் பாடு. மாற்றித் தரலாம் என்றார் அப்பா. மாமி சம்மதிக்கவில்லை. ஒரு கிழமை பாசி அரித்து, தடி நட்டார். முதலில் விழுந்த நண்டுகளை எங்களுக்கும் குருசுமுத்தர் வீட்டுக்கும் அனுப்பினார். அப்பா இரண்டு தரம் கறி போட்டுச் சாப்பிட்டார்.

அந்த ஆண்டு சர்வதேச மகளிர் ஆண்டு. ஆங்கிலப் பத்திரிகையில் வந்ததைத் தமிழாக்கி மாமிக்குச் சொன்னேன். எத்தனையோ நாட்டுப் பெண்கள் ஓரிடத்தில் கூடிச் சம உரிமை கேட்கிறார்களாம் என்றேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மாமி கேட்டார்:

"அவையளுக்கும் தமையன்மார்தானோ சீட்டு எழுதுகினம்?"

அடுத்த தையில் சூசையம்மாவும் றோசும் பெயர் கொடுத்தார்கள். இந்த ஆண்டு பானைக்குள் ஒன்பது பெண் பெயர்கள். அவற்றில் ஒன்று, அப்பாவுக்குப் பிறகு பாடு கேட்ட என் அம்மாவுடையது. நன்றி சொல்லப் போனால், "கடல் வத்திறதுக்கு முந்தி இறங்க வேணும், விடு பிள்ளை" என்று மாமி எழும்பிவிடுகிறார். ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்.