அரசிக்குக் காட்டிய படம்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. தங்கச்சி கண்ணை மூடியபோது அவளுடைய இரண்டையும் நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். ஏழு பேரில் ஒருத்தரையும் பசியோடு படுக்கவிட்டதில்லை. ஆறு பேர் இன்றைக்கும் என்னோடு கதைக்கிறார்கள். மற்றவனைப் பற்றிப் பின்னுக்கு எழுதுவேன். பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் வகுப்போடு நின்றது. எழுத்துக் கோணலாக இருக்கும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் எழுத வந்தது ஓர் அரசியைப் பற்றி. பழைய காலத்து அரசி இல்லை. காரும் ரெலிபோனும் விமானமும் இருந்த காலத்து அரசி. அவருடைய நாட்டில் புரட்சி வந்தது, அரசரைத் துரத்தினார்கள், அவர் வெளிநாட்டில் செத்துப்போனார். அரசி கடைசியில் ரொறொன்ரோவில் எங்கள் கட்டடத்துப் பதினோராம் மாடியில் வந்து இருந்தார். எந்த நாடு என்று எழுதமாட்டேன். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். கொடுத்தது கொடுத்ததுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் அது. டொன் மில்ஸ் பக்கம் மகளோடும் மருமகனோடும் நாலாம் மாடியில் இருந்தேன். மேலே தனியாக இருக்கிற ஒரு வயதான அம்மாவுக்குப் பகலில் துணைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு மகள் கூட்டிக்கொண்டு போனாள். றிச்மண்ட் ஹில்லில் இருந்து அவருடைய மருமகன் முறையான ஒருவர் வந்து என்னைப் பார்த்தார். நல்ல கோட்டுப் போட்டவர், சிரிக்காதவர். விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார்.

அதற்கு முன் இரண்டு வீடு மாறிவிட்டார்களாம். அந்த நாட்டுச் சனம் இந்த ஊரிலும் நிறைய. முதல் வீட்டில் ஆள் யாரென்று தெரிந்தவுடன் கதவில் சிவப்புப் பெயின்ற் ஊற்றினார்கள். இரண்டாவதில் யன்னலுக்குக் கல் வந்தது. இப்போது ஒரு வாத்தியாரின் விதவை என்று வேறு பெயரில் இருக்கிறார். இங்கேயும் தெரிந்துவிட்டால் அன்றைக்கே ஒஷாவாவுக்குக் கொண்டுபோய்விடுவேன் என்றார். அங்கே ஒரு வீட்டின் கீழ்த்தளம் பார்த்து வைத்திருக்கிறாராம்.

அவர் போனபிறகு அரசி என் கையைப் பிடித்தார்.

"எனக்கு நெஞ்சு வருத்தம். இன்னொரு வீடு மாறினால் அந்த வீட்டிலேயே செத்துப்போவன். இந்த யன்னலுக்கால மரம் தெரியுது. என்னை இஞ்ச இருக்க விடும்."

அவர் இங்கிலிஷில் சின்னச் சின்னச் சொல்லாகச் சொன்னது. என் இங்கிலிஷ் அதைவிடச் சின்னது. நாங்கள் இரண்டு பேரும் கதைத்ததை என்னுடைய தமிழில்தான் எழுதுகிறேன். நான் அவரை மேடம் என்று கூப்பிட்டேன். அரசி என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. நான் ஒருத்தருக்கும் குனிந்து பழகாதவள்.

முதல் கிழமையே சிரிப்பு வந்தது. லிஃப்றுக்கு முன்னால் போய் நிற்பார். பட்டனை அமத்தமாட்டார். சும்மா நிற்பார்.

"மேடம், உது உங்கட அரண்மனைக் காவல்காரன் இல்லை. அமத்தினால்தான் வரும்."

"மறந்து போச்சு," என்பார். "எனக்கு முன்னால கதவெல்லாம் தானாத் திறந்தது. ஆள் திறக்கிறது எனக்குத் தெரியிறேல்லை."

வீட்டுக் கதவும் அப்படித்தான். போய் முன்னால் நிற்பார். நான் ஓடிப்போய்த் திறப்பேன். திட்டிக்கொண்டுதான் திறப்பேன், ஆனால் திறப்பேன்.

தேத்தண்ணியைக் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பார். நாக்குச் சுட்டுவிடும், சிரிப்பார். அரண்மனையில் அவருடைய தேத்தண்ணியை மூன்று பேர் குடித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்களாம், நஞ்சுக்குப் பயந்து. வரும்போது ஆறிப் பச்சைத் தண்ணியாக இருக்குமாம். அத்தனை வருடம் ராணியாக இருந்து ஒரு சூடான தேத்தண்ணி குடிக்கவில்லை.

சீப்பால் அவருக்குத் தலை இழுத்துவிடும்போதுதான் கதை வரும். அவருடைய தகப்பன் ஒரு டொக்டர். பத்தொன்பது வயதில் அரசர் பார்த்துக் கேட்டார், கொடுத்தார்கள். கலியாணத்துக்குப் பிறகு தாய் மகளைப் பார்க்க அனுமதி எடுத்து வரவேண்டும். வந்த தாய் முதலில் மகளுக்குக் குனிந்து வணங்கவேண்டும்.

"அதோட என்ர பேர் போச்சு. அம்மாகூட 'மாட்சிமை' எண்டுதான் கூப்பிட்டவ."

சாப்பாட்டு மேசையில் அரசர் கரண்டியை வைத்தால் எல்லாரும் வைக்கவேண்டும், தட்டுகளைத் தூக்கிவிடுவார்கள். அரசர் அவசரமாகச் சாப்பிடுகிறவர். மேசையின் கடைசியில் இருந்த கிழடுகள் வாயில் வைக்கமுதல் சாப்பாடு போய்விடும். அவர் இல்லாத நாட்களில் இவர்தான் மேசைக்குத் தலை. அன்றைக்கு ஒரு துண்டைக் கரண்டியில் வைத்து ஆட்டிக்கொண்டே இருப்பாராம், கடைசி ஆள் சாப்பிட்டு முடியுமட்டும். என்னோடு இருந்து சாப்பிட்டபோதும் அப்படித்தான் செய்தார். எனக்கு அது பிடித்தது. நல்ல மனுஷி என்று நினைத்தேன்.

கை காட்டுவதற்கும் ஒரு கிழவி வந்து பழக்கினாளாம். முழங்கை அசையக்கூடாது, மணிக்கட்டு மடியக்கூடாது, உள்ளங்கை கொஞ்சம் சரிந்து நிற்கவேண்டும். காருக்குள் இருந்து எவ்வளவு நேரமும் காட்டலாம், நோகாது. எனக்குக் காட்டினார். கோயில் சிலையின் கை மாதிரி இருந்தது.

ஒருமுறை ஒரு கிராமத்துக்குப் பள்ளிக்கூடம் திறக்கப் போனார். பிள்ளைகள் எல்லாம் புதுச் சப்பாத்தோடு வரிசையாக நின்றன. சின்னனுக்கும் பெரிசுக்கும் ஒரே அளவுச் சப்பாத்து. ஒரு பெண்பிள்ளை நடக்கத் தெரியாமல் நின்றதாம்.

"பார்த்தனான். கேக்கேல்லை," என்றார்.

அந்தச் சொல்லில் என் கை ஒருதரம் நின்றது. பிறகு சீப்பை இழுத்தேன்.

இன்னொரு நாள்தான் அந்தக் கதை வந்தது. புரட்சிக்கு முந்தின வருடம். அவர் கார் போகிற வீதிகளில் தாய்மார் வந்து நிற்கத் தொடங்கினார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஓர் இளம் பெடியனின் படம், தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி. இது என்னவென்று செயலாளரிடம் கேட்டாராம். "மகன்மாருக்குக் கலியாணம் பேசியிருக்கினம், மாட்சிமை. அரசியின் கண் பட்டால் நல்லது எண்டு மாப்பிள்ளைப் படம் காட்டுகினம்" என்று செயலாளர் சொன்னாராம்.

"நான் சிரிச்சுக் கை காட்டினனான். ஒவ்வொரு முறையும் கூடக் கூட வந்தினம். எங்கட நாட்டில இந்த வருஷம் எத்தினை கலியாணம் எண்டு நினைச்சன்."

மாப்பிள்ளைப் படம் அப்படித் தூக்கிப் பிடிக்கிறதில்லை. எப்படிப்பட்ட படத்தை அப்படிப் பிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. பின்னல் போட்டு முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மகளுக்குச் சொன்னேன்.

"அம்மா, உங்களுக்கேன் உது? அது அவையின்ர நாட்டுப் பிரச்சினை. எங்கட பிரச்சினை காணாதே?"

"எங்கட பிரச்சினைதானடி அது."

"விசர்க் கதை கதையாதேங்கோ. பேசாமல் வேலையைப் பாருங்கோ."

பேசாமல் வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் மேடத்தின் எதிர்வீட்டுக்கு ஒருத்தி குடிவந்தாள். அதே நாட்டுக்காரி. அறுபது வயதிருக்கும், தடித்த கண்ணாடி, எப்போதும் கறுப்புச் சட்டை. கீழே லோன்றி றூமில் பழக்கம். உடுப்புத் தோய்கிற நேரத்தில் அங்கே கிடக்கிற மர வாங்கில் இருந்து கதைப்போம். அவளுக்கும் என்னைப்போல அரைகுறை இங்கிலிஷ். சூரியகாந்தி விதை கொண்டுவந்து தருவாள், நான் முறுக்குக் கொடுப்பேன். எனக்குப் பிடித்த மனுஷிதான். அதுதான் கஷ்டம்.

அவள் வந்த நாளில் இருந்து மேடத்தை வெளியில் விடப் பயந்தேன். கதவைத் திறக்கமுதல் வெளி நடையில் ஆள் சத்தம் இருக்கிறதா என்று காது கொடுப்பேன். மேடமும் யன்னலோடு இருந்துவிடுவார். ஆனால் டொக்டரிடம் போகாமல் இருக்கமுடியாது. ஒரு நாள் நாங்கள் இறங்க லிஃப்றுக்குள் நிற்கிறோம், கதவு மூடப்போகிற நேரம் உடுப்புக் கூடையோடு எதிர்வீட்டுக்காரி உள்ளே வந்துவிட்டாள். தங்கள் பாஷையில் மேடத்துக்கு ஏதோ வணக்கம் சொன்னாள்.

மேடம் பதில் பேசவில்லை. ஆனால் கை தானாக எழும்பியது. முழங்கை அசையவில்லை, மணிக்கட்டு மடியவில்லை, உள்ளங்கை கொஞ்சம் சரிந்து நின்றது.

எதிர்வீட்டுக்காரி அந்தக் கையைப் பார்த்தாள். கீழே போகுமட்டும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று பின்னேரம் லோன்றி றூமில் எனக்காகக் காத்திருந்தாள். விதை கொண்டுவரவில்லை.

"உம்மட மேடம் ஆர்?"

"ஒரு வாத்தியாரின்ர பெண்சாதி."

"வாத்தியார் பெண்சாதிக்கு அந்தக் கை எங்கால வந்தது?"

"கை எல்லாருக்கும் இருக்கு. எனக்கும் ரெண்டு இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. கழுத்தில் தொங்கிய சால்வையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். அவளுடைய ஒரே மகனை அரசரின் ஆட்கள் பள்ளிக்கூடத்து வாசலில் வைத்துக் கொண்டுபோனார்கள். மறியலில் பூட்டி வைத்திருக்கிறோம் என்றார்கள், பிறகு இல்லை என்றார்கள். அரசி ஆஸ்பத்திரி திறக்க வருகிறா என்று கேள்விப்பட்டு வீதியில் போய்ப் படத்தோடு நின்றாள்.

"கார் எனக்குக் கிட்ட வந்து மெதுவாப் போனது. அவ என்ர பிள்ளையின்ர படத்தைப் பார்த்தவ. பார்த்துச் சிரிச்சவ. கையைக் காட்டினவ. என்ர பிள்ளையைக் கொண்டுபோனவனை மறந்தாலும் அந்தச் சிரிப்பை மறக்கமாட்டன்." என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அவதானே? ஓம் எண்டு சொல்லும், இல்லாட்டி இல்லை எண்டு சொல்லும்."

மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. ஓம் என்றால் மேடத்துக்கு வீடு போகும், அந்த நெஞ்சோடு ஒஷாவாவுக்குப் போனால் ஆளும் போகும். இல்லை என்றால் படம் பிடித்து நின்ற ஒரு தாய்க்கு நான் பொய் சொன்னவள் ஆவேன்.

"நாளைக்குச் சொல்லுறன்," என்றேன். உடுப்பை ஈரத்தோடு தூக்கிக்கொண்டு மேலே போனேன்.

மேடத்துக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ரெலிபோனில் கையை வைத்தார், றிச்மண்ட் ஹில் மருமகனைக் கூப்பிட.

"கூப்பிடுறதெண்டால் கூப்பிடுங்கோ," என்றேன். "அதுக்கு முதல் இதைப் பாருங்கோ."

என் காசுப்பையில் எப்போதும் ஒரு படம் இருக்கும். ரை கட்டி, தலை படிய இழுத்து, ஸ்ரூடியோவில் எடுத்த படம்.

"இது என்ன படம் மேடம்?"

கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "மாப்பிள்ளைப் படம்."

"ஓம். என்ர மூத்தவன். புரோக்கருக்குக் குடுக்கவெண்டுதான் எடுத்தது. குடுக்கமுதல் அவனை ஆமிக்காரங்கள் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். அந்தப் படத்தைத்தான் பிறகு முகாம் வாசலில தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். வெய்யில், மழை எல்லாம் நிண்டனான். ஜீப்பில போற வாறவங்கள் பார்த்தாங்கள். ஒருத்தனும் சிரிக்கேல்லை, அந்தளவுக்கு நல்லவங்கள்."

அவர் படத்தைத் திருப்பித் தரவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். ரெலிபோனில் இருந்த கை இறங்கியது.

"உங்களுக்குத் தெரியாதோ?" என்று கேட்டேன்.

படத்தின் ஓரத்தை விரலால் தடவினார்.

"முதல் தெரியாது. பிறகு ஒருத்தி அழுதுகொண்டு நிண்டா. மாப்பிள்ளைப் படத்தை ஒரு தாயும் அழுதுகொண்டு காட்டமாட்டா. அண்டைக்குத் தெரிஞ்சுது. கேட்டால் பதில் வரும் எண்டு கேக்கேல்லை. அதுக்குப் பிறகும் கை காட்டினனான்."

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நாளும் தலை இழுத்துவிட்ட கோபமும் சேர்ந்து வந்தது. "நான் பொய் சொல்லமாட்டன். உங்களைக் காட்டிக் குடுக்கவும் மாட்டன். நாளைக்கு என்ன செய்யிறதெண்டு நீங்களே யோசியுங்கோ," என்று சொல்லிவிட்டுப் படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் போனபோது பெட்டி கட்டியிருக்கும் என்று நினைத்தேன். கட்டவில்லை. மேடம் சாம்பல் நிறச் சட்டை போட்டு, தானே தலை இழுத்து, கோணலாக ஒரு பின்னல் போட்டிருந்தார். கதவுக்கு முன்னால் போய் நின்றார். பழக்கத்தில் நான் கையை நீட்டினேன். என் கையைத் தள்ளிவிட்டார். சங்கிலி எந்தப் பக்கம் கழற்றுவது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் திறந்தார். நடையைக் கடந்து எதிர்க்கதவைத் தட்டினார்.

எதிர்வீட்டுக்காரி திறந்தாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேடம் தன் பெயரைச் சொன்னார், பொய்ப் பெயர் இல்லை, தலை இழுக்கும்போது ஒருமுறை எனக்குச் சொன்ன, தாய் வைத்த பெயர். அது மட்டும்தான் எனக்கு விளங்கியது. எதிர்வீட்டுக்காரி உள்ளே போனாள். கத்தி கொண்டு வரப்போகிறாள் என்று நினைத்தேன். படத்தைக் கொண்டு வந்தாள். வாசலில் நின்றபடி, இரண்டு கையாலும், தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

மேடத்தின் வலக்கை தானாக எழும்பத் தொடங்கியது. அவர் அதை இடக்கையால் பிடித்துக் கீழே அமத்தினார். அமத்தியபடியே அண்ணாந்து அந்தப் படத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, எதிர்வீட்டுக்காரியின் கை களைத்துத் தாழத் தொடங்கிவிட்டது. பிறகு மேடம் ஏதோ ஒன்று கேட்டார். அவள் ஒரே ஒரு சொல் சொன்னாள். கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு நாங்கள் பெயின்றுக்காகக் காத்திருந்தோம். காலையில் வந்தவுடன் கதவைத்தான் முதலில் பார்ப்பேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கிழமை கழித்து லோன்றி றூமில் எதிர்வீட்டுக்காரி எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"மகனின்ர பேர் என்ன எண்டு கேட்டவ. சொன்னனான்."

"ம்."

"நான் மன்னிக்கேல்லை எண்டு சொல்லும்."

"சொல்லுறன்."

"பேர் மறந்துபோனால் திரும்ப வந்து கதவைத் தட்டச் சொல்லும்." விதைப் பையை என் பக்கம் தள்ளினாள். "உம்மட பிள்ளையின்ர பேர் என்ன?"

நான் சொன்னேன்.

மேடம் வீடு மாறவில்லை. லிஃப்றில் அவர்கள் சந்தித்தால் ஒருவரையொருவர் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டு போவார்கள். மேடம் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். இரண்டு குளிர்காலம் கழித்து அந்த யன்னலுக்குப் பக்கத்துக் கட்டிலிலேயே கண்ணை மூடினார். அவரைக் கொண்டு போனபோது எதிர்க்கதவு திறந்திருந்தது. அவள் கறுப்புச் சட்டையோடு வாசலில் நின்றாள். அழவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. இருவரில் யார் பக்கம் நான் என்று மகள் இன்றைக்கும் கேட்கிறாள். படம் பிடித்து நின்றவளின் பக்கம்தான். ஆனால் மேடத்தின் தலையை நான் பிறகும் இழுத்துவிட்டேன், கடைசி நாள் வரைக்கும்.

எழுதி முடிந்தது. கை உளைகிறது. பேத்தி பக்கத்தில் வந்து இருக்கிறாள், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் வாசிக்கப் பழகியவள்.

"வாசி குஞ்சு. மேலயிருந்து வாசி, ஓடாதை. மாமாவின்ர படம் வாற இடத்தில குரலைக் குறைக்காதை, அம்மம்மாவுக்குக் கேக்கவேணும்."