கோசோங் என்றொரு விலை

நிதித்துறையில முதுகலை படிக்கப் போறேன்னு சொன்னப்ப ஆபீஸ்ல எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. பாசிர் கூடாங்ல ஒரு தொழிற்சாலையில, கணக்குப் பிரிவுல, தலை நரைக்கிற வரைக்கும் உட்கார்ந்திருக்கேன். இனிமே படிச்சு என்ன கிழிக்கப் போறேன்னு பக்கத்து மேசைக்காரி நேராவே கேட்டா. கிழிக்கிறேனா தைக்கிறேனா பாருன்னு சொல்லிட்டு வந்துட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். உள்ளுக்குள்ள என் நெனப்பு வேற. காசைப் பத்தி எனக்குத் தெரியாததை இவங்க என்ன பெருசா சொல்லித் தந்துடப் போறாங்க, பேருக்குப் பின்னால மூணு எழுத்து கிடைச்சா போதும்னுதான் பணம் கட்டிச் சேர்ந்தேன்.

முதல் சனிக்கிழமையே அந்தத் திமிர் இறங்கிப் போச்சு.

எங்க விரிவுரையாளர் மெர்சிங்காரங்க, மலாய்க்காரப் பொண்ணு. என்னைவிடப் பத்து வயசாவது சின்னவங்களா இருக்கும். என்னைக் ‘காக்’னு, அதாவது அக்கான்னு, கூப்பிடுவாங்க. நான் டாக்டர்னு கூப்பிடுவேன். பாடம் இங்கிலீஷ்ல ஓடும், கொஞ்சம் சூடு பிடிச்சா மலாய்க்குத் தாவிடும். அன்னைக்குப் பலகையில ஒரு கேள்வி எழுதினாங்க. ஒருத்தர் உங்களுக்கு வருஷா வருஷம் நூறு வெள்ளி, அதாவது ரிங்கிட், தர்றேன்றாரு. உங்க காலத்துக்கு அப்புறம் உங்க பிள்ளைக்கு, அதுக்கப்புறம் பேரப்பிள்ளைக்கு, உலகம் இருக்கிற வரைக்கும் நிறுத்தவே மாட்டாரு. அந்த வாக்கை இன்னைக்கு விலைக்கு வாங்கணும்னா என்ன கொடுப்பீங்க?

இதுல என்ன யோசிக்க இருக்கு, முடிவே இல்லாத பணத்துக்கு விலையும் முடிவே இல்லாமதான் இருக்கும்னு நெனச்சேன். பக்கத்துல உட்கார்ந்திருந்த பேங்க்காரப் பையன்கூட அப்படித்தான் சொன்னான். அவங்க சிரிச்சுக்கிட்டே நூறை வட்டியால வகுத்தாங்க. வட்டி அஞ்சு விழுக்காடுன்னா விடை ரெண்டாயிரம் வெள்ளி. அவ்வளவுதான். ஒரே ஒரு வகுத்தல்.

அப்புறம் ஏன்னு விளக்கினாங்க. தூரத்துல வரப்போற நூறு வெள்ளி இன்னைக்கு நிக்கிற இடத்துலேர்ந்து பார்த்தா சின்னதாத்தான் தெரியும். நெடுஞ்சாலை விளக்குக் கம்பம் தள்ளிப் போகப் போகக் குட்டியாகிற மாதிரி, ஒவ்வொரு வருஷத்துக் காசும் கொஞ்சம் கொஞ்சமா சுருங்கி, கடைசியில இருக்கா இல்லையான்னே தெரியாம போயிடும். எல்லாத்தையும் கூட்டினா ஒரு இடத்துல வந்து நின்னுடும். எனக்குக் கையெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. நான் செத்து, என் பிள்ளையும் செத்து, யாருன்னே தெரியாத யாரோ வாங்கப்போற காசு வரைக்கும் அந்தப் பலகையில ஒரு கோட்டுக்குக் கீழ அடங்கிக் கிடந்துச்சு. இடைவேளையில நாசி லெமாக், அதான் தேங்காய்ப்பால் சோத்துப் பொட்டலத்தைப் பிரிக்காமலே கையில வச்சுக்கிட்டு கார் நிறுத்துற இடத்துல நின்னேன். இத்தனை வருஷமா நான் பார்த்ததெல்லாம் நடந்து முடிஞ்ச காசு. நடக்காத காசை இப்படிப் பார்க்கலாம்னு எனக்கு யாரும் சொல்லல.

அதுக்கப்புறம் சனிக்கிழமைன்னா எனக்குத் திருவிழாதான். வீட்ல நாங்க ரெண்டே பேர். பொண்ணு கோலாலம்பூர்ல தங்கிப் படிக்கிறா. எங்க வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூர்ல ஏர்கான், அதாவது ஏசி, பழுது பார்க்கிற வேலை. வீடு இருக்கிற மாசாய்லேர்ந்து விடியறதுக்கு முன்னால மோட்டார் சைக்கிளை எடுத்தார்னா, சிங்கப்பூர் போற பாலத்துல நெரிசல்ல நின்னு, அந்தப் பக்கம் போய், வேலை பார்த்து, மறுபடியும் நெரிசல்ல நின்னு வீட்டுக்கு வர்றப்ப நான் பாத்திரமெல்லாம் கழுவி முடிச்சிருப்பேன். பாதிக் கண்ணு மூடிக்கிட்டே சாப்பிடுவாரு. சோத்துல என்ன குழம்பு ஊத்தினேன்னு கேட்டா சில நாள் தெரியாது.

போன வருஷம் அவரோட கம்பெனியில இன்னும் ரெண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தாங்க. மாசக் கடைசிக்குள்ள கையெழுத்துப் போடணும். இவருக்கு வேற ஆசை. மாசாய்லயே ஒரு சின்னக் கடை எடுத்து, பழைய வேன் ஒண்ணு வாங்கி, சொந்தமா ஏர்கான் வேலை எடுத்துச் செய்யணும்னு ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டு இருந்தாரு. சொல்லுவாரு, அப்புறம் சிங்கப்பூர் சம்பளத்தை நெனச்சு அவரே வாயை மூடிக்குவாரு. இந்தத் தடவை என்னைப் பார்த்துச் சொன்னாரு: “நீதான் இதெல்லாம் படிக்கிறியே. பார்த்துச் சொல்லு. நீ சொல்றதைச் செய்யறேன்.”

விளையாட்டுக்குச் சொல்லலன்னு முகத்துல தெரிஞ்சுச்சு. பயமாவும் இருந்துச்சு, பெருமையாவும் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. நல்லவேளையா அந்தப் பருவத்துக்கு நிஜமான ஒரு சின்ன வியாபார முடிவை எடுத்து அலசிக் கொண்டு வரணும்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. மத்தவங்க காபிக் கடை, அன்னாசித் தோட்டம்னு எடுத்தாங்க. நான் என் புருஷனோட கடையை எடுத்தேன்.

உட்கார்ந்து போட்டேன். கடை வாடகை, வேன், கருவிகள், முதல் வருஷம் வேலை கம்மியாத்தான் வரும்னு அதுக்கும் குறைச்சு, பிற்பாடு வர்றதையெல்லாம் பாடத்துல சொன்ன மாதிரி இன்னைய விலைக்குச் சுருக்கி, விட்டுட்டு வர்ற சிங்கப்பூர் சம்பளத்தைச் செலவாச் சேர்த்து. கீழ மைனஸ் வந்துச்சு. வாடகையைக் குறைச்சுப் பார்த்தேன், மைனஸ். வேனை இன்னும் பழசா வாங்கினேன், மைனஸ். வெயில் காலத்துல வேலை கொட்டும்னு கொஞ்சம் ஏத்தி எழுதினேன், கை கூசுச்சு, திருப்பி இறக்கினேன். சிங்கப்பூர் காசை வெள்ளியா மாத்தினா அது வந்து நிக்கிற உயரம் அப்படி. எந்தப் பக்கம் ஏணி வச்சாலும் எட்டல. அந்த வாரம் முழுக்க அவரு ஒண்ணும் கேட்கல. கேட்காம இருக்காரேங்கிறதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.

சனிக்கிழமை வகுப்புல திரையில போட்டுக் காட்டினேன். கடைக்காரர் யாருன்னு சொல்லல, தெரிஞ்சவர்னு மட்டும் சொன்னேன். குரலை வச்சே கண்டுபிடிச்சிருப்பாங்க போல. டாக்டர் கணக்கைக் குறை சொல்லல. சுருக்கின விதம் சரி, விட்ட சம்பளத்தைச் செலவாப் போட்டது ரொம்பச் சரின்னாங்க. அப்புறம் எழுந்து வந்து திரையில ஒரு கட்டத்தைத் தொட்டாங்க. அவங்களே எல்லாருக்கும் கொடுத்த படிவம் அது. அதுல ‘பணமாக வராதது’ன்னு ஒரு வரிசை இருக்கும். நான் அதை நிரப்பல.

“இது கோசோங்,” அப்படின்னாங்க.

ஆமா டாக்டர், காலியாத்தான் விட்டிருக்கேன், எழுத ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். மலாய்ல கோசோங்னா காலி. மாமாக்னு சொல்ற தமிழ் முஸ்லிம் டீக்கடையில பாலும் சீனியும் வேணாம்னா தே ஓ கோசோங்னுதான் கேட்போம். நாங்க தமிழ்லயே அதைக் கலந்து கலந்து, அது நம்ம சொல் இல்லங்கிறதே மறந்து போச்சு. அதனால அவங்க காலின்னு சொல்றாங்கன்னுதான் எடுத்துக்கிட்டேன். அவங்க இல்லன்னு தலையாட்டிட்டு மறுபடியும் அதையே சொன்னாங்க. அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. போன் நம்பர் சொல்றப்ப சைபருக்கும் நாங்க கோசோங்னுதானே சொல்றோம்.

அவங்க கேட்டாங்க, இந்த மனுஷர் இப்ப எத்தனை மணிக்கு வீட்டுக்கு வர்றாரு, கடை போட்டா எத்தனை மணிக்கு வருவாருன்னு. சொன்னேன். அப்ப அந்தச் சாயங்காலமெல்லாம் எந்த வரிசையிலன்னு கேட்டாங்க. எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துடுச்சு. மனுஷன் வீட்டுக்கு வந்து உட்கார்றதுக்கெல்லாமா விலை போடறது, அது என்ன மீன் சந்தையா, அதுக்கு விலை போட என்னால முடியாதுன்னு கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன்.

அவங்க கோபப்படல. “நீங்க ஏற்கனவே போட்டுட்டீங்க, காக்,” அப்படின்னாங்க. “கோசோங் போட்டிருக்கீங்க.”

எனக்கு ஏதோ பெரிய கதவு திறந்த மாதிரி ஒரு திகைப்பு. காலியா விட்டா ஒண்ணும் சொல்லாம விட்டதா அர்த்தம்னு நான் வாழ்நாள் முழுக்க நெனச்சிருக்கேன். கம்ப்யூட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கூட்டும்போது காலிக் கட்டத்தையும் சைபர்னுதான் படிக்கும். விலை சொல்ல மாட்டேன்னு நான் மரியாதையா ஒதுக்கி வச்சது, கணக்குக்குள்ள போனதும் ஒண்ணுத்துக்கும் லாயக்கில்லாததா ஆயிட்டு இருந்திருக்கு. எத்தனை கணக்கை இப்படி முடிச்சுக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன்னு நெனச்சேன்.

அப்படின்னா என்ன எண்ணைப் போடறது, மனசுக்கு வந்ததைப் போட்டா அது கணக்கா, ஜோசியமான்னு கேட்டேன். அங்கதான் அவங்க கேள்வியவே தலைகீழாப் புரட்டிப் போட்டாங்க. என்ன விலைன்னு நீங்க சொல்ல வேணாம். லாபமும் இல்ல நஷ்டமும் இல்லன்னு கீழ விடையைச் சைபர்ல நிறுத்திடுங்க. விடை அப்படி வரணும்னா அந்தக் கட்டத்துல எவ்வளவு இருந்தாகணும்னு கம்ப்யூட்டரைத் தேடச் சொல்லுங்க. வர்ற எண்ணைக் கொண்டு போய் அந்த மனுஷர்கிட்ட காட்டி, இதைவிடக் கூடவா குறைவான்னு மட்டும் கேளுங்க. விலை சொல்லத் தெரியாதவங்களுக்கும் அந்த ஒண்ணைச் சொல்ல வரும்னாங்க.

அழகுன்னா அது அழகு. கோயில்ல தீபாராதனை பார்க்கிறப்ப வர்ற மாதிரி கண்ணுல தண்ணி வந்துடுச்சு, வெட்கத்தை விட்டுச் சொல்றேன். அளக்க முடியாத ஒண்ணைத் தொடாமலே, அதைச் சுத்தி மத்ததையெல்லாம் அளந்து அளந்து, கடைசியில அது இருக்கிற இடத்தைக் காட்டிட்டாங்க. யாரோ எந்தக் காலத்துலயோ உட்கார்ந்து இப்படி யோசிச்சிருக்காங்களே, அவங்க கையைக் கொண்டாங்கன்னு பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்துச்சு.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. அவரு வீட்ல இருக்கிற ஒரே நாள். தோசை ஊத்திக் கொடுத்துட்டு மடிக்கணினியை மேசையில வச்சேன். முதல்ல கெட்ட செய்தியைச் சொன்னேன். பணத்தை மட்டும் பார்த்தா மைனஸ்தான், எப்படிப் போட்டாலும் மைனஸ்தான், மழுப்ப விரும்பலன்னு. அவரு தோசையைப் பார்த்துக்கிட்டே தலையாட்டினாரு. எதிர்பார்த்ததுதான்னு சொல்ற தலையாட்டல். அது எனக்குத் தாங்கல.

இருங்க, இன்னும் முடியலன்னு சொல்லி அந்தக் காலிக் கட்டத்தைக் காட்டினேன். டாக்டர் சொன்னதையெல்லாம் எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். ஒரு சாயங்காலத்துக்கு இவ்வளவுன்னு ஒரு எண் வரும், அதுக்கு மேலன்னு தோணினா கடை போடலாம், கீழன்னு தோணினா கையெழுத்துப் போடுங்க, ரெண்டுல எதுவானாலும் எனக்கு வருத்தம் இல்ல, ஆனா யோசிச்சுச் சொல்லுங்கன்னேன். பட்டனைத் தட்டினேன். எண்கள் கொஞ்ச நேரம் ஓடி நின்னுச்சு. எழுபது வெள்ளிக்குக் கொஞ்சம் மேல. நாங்க ரெண்டு பேரும் வெளியில வாழை இலையில மீன் தலைக் கறியோட ஒரு வேளை சாப்பிட்டா ஆகிற பில்லு.

அவரு கையைக் கழுவிட்டு வந்து உட்கார்ந்தாரு. திரையைக் கிட்ட இழுத்துப் பார்த்தாரு. எழுபது வெள்ளி அதிகம்னு சொல்லப் போறாருன்னு நெனச்சேன். உழைக்கிற மனுஷனுக்கு அது பெரிய காசுதான், சும்மா உட்கார்ந்து டிவி பார்க்கிறதுக்கு யாரு எழுபது வெள்ளி கொடுப்பாங்கன்னு கேட்டா என்கிட்ட பதிலும் இல்ல. அப்படிச் சொன்னா சரின்னுட்டு மூடி வச்சுடணும்னு மனசைத் தயார் பண்ணிக்கிட்டேன்.

“ஒரு நாளைக்கு இவ்வளவா?” அப்படின்னாரு.

ஆமான்னேன்.

“இத்தனை வருஷமா இவ்வளவு மலிவாவா நான் என் சாயங்காலத்தைக் கொடுத்துட்டு வந்தேன்?”

அவரு எழுந்து போய் முகத்தைக் கழுவிட்டு வந்து, இன்னொரு தோசை இருக்கான்னு கேட்டாரு. ஊத்தினேன். மறுநாள் வழக்கம்போல இருட்டோட கிளம்பிப் பாலத்தைத் தாண்டினாரு, இனிமே வேலைக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டு வர்றதுக்கு.