வலது கைக்கு ஒரு நூல்

அந்த நீல நிற பிளாஸ்டிக் வளையத்தை முதன்முதலில் கையில் கொடுத்தபோது, என் மாமனார் அதை பஸ்ஸின் ஸ்டீயரிங்கைப் பிடிப்பதுபோலத்தான் பிடித்தார். இடது கை தானாகப் போய் அமர்ந்தது. வலது கையை நான்தான் எடுத்து வைத்தேன். வளையத்தின் விளிம்பு முழுவதும் சிறு சிறு முளைகள். ஒவ்வொரு முளையிலும் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, கீழ்ச் சுற்றைக் கொக்கியால் தூக்கி மேல் சுற்றுக்கு அப்பால் தள்ளிவிட்டால் ஒரு பின்னல் விழும். ஊசி பிடிக்கத் தெரியாதவர்களும் இதில் குல்லாய் பின்னலாம் என்று சொன்னதை நம்பி எனக்காக வாங்கியிருந்தேன். வாங்கிய வேகத்தில் அலமாரியில் போட்டும் வைத்திருந்தேன்.

எனக்குக் கல்யாணமாகி ஓராண்டுகூட ஆகாத காலம் அது. கணவருக்குத் தஞ்சோங் மாலிமில் கார்த் தொழிற்சாலையில் வேலை. வார இறுதியில்தான் ஈப்போவுக்கு வருவார். அத்தை முன்பே இறந்துவிட்டதால் வீட்டில் மாமாவும் நானும் மட்டும்தான். இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியாது. இளமையில் தோட்டத்தில் ரப்பர்ப் பால் ஏற்றும் லாரி ஓட்டியவர் அவர். தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியபின் ஈப்போவுக்கு வந்து, தொழிற்சாலை ஆட்களை ஏற்றிச்செல்லும் பஸ் ஓட்டினார். பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. அசைவு மெல்லத் திரும்பியது. தொடு உணர்வு திரும்பவில்லை. மருத்துவமனையில் கொடுத்த பந்தை அமுக்கச் சொன்னால் கோபம் வரும். "நா என்ன சின்னப் புள்ளயாமா?"

ஒரு நாள் நான் அலமாரியைத் துடைக்கும்போது இந்த வளையம் அவர் கண்ணில் பட்டது. "இது என்னாத்துக்குமா?" என்று கேட்டார். அந்த வீட்டில் அவர் என்னிடம் கேட்ட முதல் உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டில் கிடந்த மெல்லிய தையல் நூலில் தொடங்கினோம். பல நாள் முயன்று முடித்த குல்லாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எதிர்வீட்டு வாசல் தெரிந்தது. மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஹுத்தான் மெலிந்தாங் மீனவங்களுக்கு அனுப்பிரலாம்லா. நண்டு பிடிக்க ஆகும்." அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். முளைகளுக்கு இடையே அவ்வளவு இடைவெளி இருந்தால் நூலும் அதற்கேற்பத் தடிமனாக இருக்க வேண்டும் என்று அவரே கண்டுபிடித்தார். அல்லது இரண்டு இழைகளைச் சேர்த்துச் சுற்ற வேண்டும்.

அதற்குப் பிறகு அவருக்கு நூல் பைத்தியம் பிடித்தது. நான் காரோட்ட, பழைய கடைத்தெருவில் ஒரு சீன அம்மாள் நடத்திய நூல் கடைக்குப் போவோம். பஞ்சுபோல் மயிர் சிலிர்த்த நூலை ஆசையாக வாங்கினார். எந்தச் சுற்று மேலே எது கீழே என்று கொக்கிக்கே தெரியவில்லை. கறுப்பு நூலில் கண் தோற்றது. பருத்தி பார்க்க அழகாக இருந்தது, ஆனால் இழுத்தால் நீளாது. முளைக்கு மேல் தூக்குவதற்குள் அவர் இடது மணிக்கட்டு வலித்துவிடும். "இது எஸ்டேட்ல கணக்கு எழுதுற கிராணி மாதிரிமா. கொஞ்சம்கூட வளைஞ்சு குடுக்காது," என்று ஓரமாக வைத்தார். கடைசியில் தடித்த, வெளிர் நிறக் கம்பளி நூல்தான் ஒத்துவந்தது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கொக்கியின் கைப்பிடியில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக்கொண்டார். அந்த வெயிலூரில் எங்கள் வீட்டில் கம்பளிக் குல்லாய்கள் குவிந்தன. கேமரன் மலைக்குப் போகும் அக்கம்பக்கத்தார் எல்லோர் தலையிலும் மாமாவின் குல்லாய்.

இவ்வளவுக்கும் நடுவில் அவர் மனம் பஸ்ஸில்தான் இருந்தது. "கை சரியானதும் வாங்கண்ணே," என்று பஸ் முதலாளி சொல்லியிருந்தார். ஒரு நாள் அவரே வீட்டுக்கு வந்து, அடுத்த மாதம் முடியுமா என்று கேட்டார். மாமா பின்னிக்கொண்டிருந்த நூல் வலது விரல்களிலிருந்து நழுவி மடியில் கிடந்தது. அவர் கவனித்திருக்கவில்லை. குனிந்து பார்த்தபின்தான் தெரிந்தது. இடது கையால் அதை எடுத்துக்கொண்டே சொன்னார்: "கை ஸ்டீயரிங்ல இருக்கா இல்லையான்னு நா குனிஞ்சு பாத்தா, ரோட்ட யாரு பாக்குறது தம்பி? வேற ஆளப் போட்டுக்குங்க." முதலாளி போனபின் வளையத்தை மேசைமேல் வைத்துவிட்டு அறைக்குள் போனார். நான் தேநீர் போட்டுக் கொண்டுபோய்க் கதவருகே நின்றேன். தட்டுவதற்குத் துணிவு வரவில்லை.

மூன்று வாரம் அவர் வளையத்தைத் தொடவில்லை. பின் ஒரு காலை, "கடைக்குப் போலாமா?" என்றார். நான் கார் சாவியை எடுத்தேன்.

மாமா இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. இப்போது நூலைக் கைப்பேசியில் படம் பார்த்தே வாங்கிவிடலாம். தடிமன், நிறம், துவைக்கும் விதம் எல்லாம் எழுதியிருக்கும். நான் இன்னும் கடைக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறேன். கம்பளி தொட்டதும் கதகதப்பாக இருக்கும். செயற்கை நூல் எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. பருத்தி வேறு. அதை எனக்குச் சொன்னது அந்தக் காலைப் பொழுதுதான்.

அன்று வெளியே மழை. மாமாவின் இடது கையில் நனைந்த குடை. கடைக்கார அம்மாளின் வற்புறுத்தலுக்காகத்தான் அவர் வலது கையை நூல்கண்டுகள் நிறைந்த தட்டில் வைத்தார். எப்போதும் அவள் சொல்வது அதுதான்: "பெகாங் டுலு, அங்கிள்." முதலில் பிடித்துப் பாருங்கள் என்பாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இது ஜில்லுன்னு இருக்கு."

"எது மாமா? குடையா?"

"இல்ல. இந்தக் கையில."

கண்களை மூடியிருந்தார். விரல்களுக்கடியில் இருந்தது பருத்தி. கையை எடுத்துப் பக்கத்துக் கம்பளியில் வைத்தார். "இது தெரியல." அடுத்ததைத் தொட்டார். "இதுவும் இல்ல." மறுபடி பருத்திக்கு வந்து, அங்கேயே கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவர் முகத்தில் கண்ணீர் இல்லை. புதிதாய் வந்த சத்தத்தைக் கூர்ந்து கேட்பவரின் முகம்போல இருந்தது.

அவர் கையைப் பற்றி எதுவும் அறியாத கடைக்கார அம்மாள், இதில் என்ன பின்னப் போகிறீர்கள் என்று மலாயில் கேட்டாள்.

"பெலும் தாவு," என்றார் மாமா. இன்னும் தெரியாது.

பையில் போட வந்தவளைத் தடுத்துவிட்டு, நூல்கண்டை வலது கையிலேயே எடுத்துக்கொண்டு மழையில் காரை நோக்கி நடந்தார். வழியில் ஒருமுறைகூடக் குனிந்து கையைப் பார்க்கவில்லை.